நான்கு சக்கரமும் இழுத்தால் வின்டர் டயர் வேண்டாமா?

கேள்வி: கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் வசிக்கிறேன். அண்மையில் ஆல் வீல் டிரைவ் கார் வாங்கினேன். வேலைக்காக வாரம் இருமுறை 400 நெடுஞ்சாலையில் பேரி நகருக்குப் போய்வர வேண்டும். இந்தக் காருக்கு வின்டர் டயர் தேவையில்லை என்கிறார் விற்றவர். சரிதானா?

பதில்: சரியில்லை. இன்ஜினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் ஆல் வீல் டிரைவின் வேலை. பனி மூடிய வாசலிலிருந்து காரை வெளியே எடுக்கவும் மேடு ஏறவும் அது அருமையாக உதவும். பிரேக் போடும்போது உதவாது. பிரேக் எந்தக் காரிலும் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. அது பிடிக்க வேண்டுமானால் டயர் சாலையைப் பிடிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முன்சக்கர இழுவைக் கார், பச்சை விழுந்து கிளம்பும்போதே சக்கரம் வெறுமனே சுழன்று வழுக்கலைக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கார் சமர்த்தாகக் கிளம்பிவிடும். அடுத்த சிவப்பு விளக்கில்தான் குட்டு வெளிப்படும். எனவே பின்னால் வண்டி வராத நேரான சாலையில், மெதுவாகப் போகும்போது பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். காலடியில் கடகடவென்று அதிர்ந்தால் டயருக்குப் பிடி இல்லை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று பொருள். நெருக்கடியில் அந்த அதிர்வுக்குப் பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் சாதாரண ஆல் சீசன் டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் இருக்கும் சின்னம் பக்கவாட்டில் பொறித்த டயராகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு மட்டும் மாற்றிச் சிக்கனம் பிடிப்பது வேண்டாம். நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தேய்மானம் வேறுபட்டால் விசையைப் பிரிக்கும் பாகங்களும் கெடும், அந்தச் செலவு டயர் விலையைத் தாண்டிவிடும். ஒன்ராறியோவில் வின்டர் டயர் கட்டாயமில்லை. ஆனால் 2016 முதல் அதற்குக் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

பேரிப் பக்கம் ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து வரும் பனிப்பொழிவு, வெயிலடிக்கும் சாலையைச் சில நிமிடங்களில் வெள்ளைச் சுவராக்கிவிடும். அப்போது முகப்பு விளக்கை நீங்களே போடுங்கள். பகலில் தானாக எரியும் விளக்கை நம்பினால், பல கார்களில் பின்விளக்கு எரிவதில்லை.