பக்னர் விட்ட பந்து

அன்புள்ள சார்,

பேஸ்பால் பற்றிய உங்கள் குறிப்பில், 1986இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு ஆடிய பில் பக்னரைப் ‘பாவப்பட்ட மனிதர்’ என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். கால்களுக்கு நடுவே பந்து உருண்டோடும் அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பையன்கூடப் பிடித்திருப்பான். லட்சக்கணக்கில் டாலர் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரர் சொதப்பினால் ரசிகன் திட்டத்தான் செய்வான். நம் ஐபிஎல்லில் நடக்காததா? பிறகு பாஸ்டன்காரர்களே எழுந்து நின்று கைதட்டி அவரை மன்னித்தும் விட்டார்களாம். இதில் பரிதாபப்பட என்ன இருக்கிறது? பேஸ்பால் எனக்குப் புதிது. எதைப் பார்த்து ஆரம்பிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

பந்தை விட்டது விட்டதுதான், அதில் தகராறே இல்லை. அந்தப் பந்தால்தான் கோப்பை போனது என்று நீங்கள் முடிவுகட்டியதில்தான் எனக்குத் தகராறு. அந்த வீடியோவைப் பார்த்த எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

1986 அக்டோபர் 25, நியூயார்க், ஷே ஸ்டேடியம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி உலகத் தொடரை (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிக் கோப்பை, ஏழு ஆட்டங்களில் நான்கை ஜெயிக்க வேண்டும்) அதற்குமுன் கடைசியாக வென்றது 1918இல். இப்போது நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிராக 3-2 என்று முன்னிலை, நடப்பது ஆறாவது ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலை, கூடுதலாக ஆடிய பத்தாவதில் பாஸ்டன் 5-3 என்று முன்னிலை. மெட்ஸ் ஆடவந்து இரண்டு பேர் அவுட் (மூன்றாவது ஆளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது), ரன்னுக்கு ஓட பேஸில் ஒருவரும் இல்லை. மைதானத்து ஸ்கோர்போர்டில் ரெட் சாக்ஸுக்கு வாழ்த்துச் செய்தியே ஒரு கணம் மின்னி மறைந்ததாம். அப்புறம் கார்ட்டர், மிட்செல், நைட் என்று வரிசையாக மூன்று பேர் அடித்தார்கள். நைட் ஆடும்போது இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் (பேட்டர் தவறவிடும் பந்து, மூன்றானால் அவுட்) விழுந்திருந்தால் தொடர் முடிந்திருக்கும். விழவில்லை, 5-4. பந்து வீசிக்கொண்டிருந்த ஷிரால்டியை எடுத்துவிட்டு ஸ்டான்லியைக் கொண்டுவந்தார்கள். அவர் வீசிய ஒரு பந்து கேட்சரின் கைக்கு எட்டாமல் பின்னால் ஓடியது. மிட்செல் ஓடி ‘ஹோம்’ வந்து சேர்ந்தார், ஒரு ரன். 5-5.

இவ்வளவும் நடந்த பிறகுதான் மூக்கி வில்சன் அடித்த பந்து பக்னரை நோக்கி உருண்டு வருகிறது. அவர் விட்டார், மெட்ஸ் அந்த ஆட்டத்தை ஜெயித்தது. அவர் அதைப் பிடித்து அவுட் ஆக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதினொன்றாவது இன்னிங்ஸ், அவ்வளவுதான். வில்சனோ பயங்கரமாக ஓடுகிறவர். பந்தைப் பிடித்திருந்தாலும் அவரை அவுட் ஆக்கியிருக்க முடியுமா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். தோற்ற பிறகும் ஏழாவது ஆட்டம் மிச்சமிருந்தது. அதில் 3-0 என்று முன்னால் இருந்துவிட்டு 8-5 என்று தோற்றது பாஸ்டன். அந்த ஆட்டத்தின் வீடியோவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. பக்னருக்கு அப்போது வயது 36. 1975இலேயே கணுக்காலில் பலத்த காயம், அதிலிருந்து காலில் ஐஸ் கட்டிக் கட்டித்தான் ஆடிக்கொண்டிருந்தார். அந்தச் சீசனின் கடைசிக்கட்ட ஆட்டங்களில் பாஸ்டன் முன்னிலையில் இருந்தால், முடிகிற சமயத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு டேவ் ஸ்டேப்பிள்டனை இறக்குவது வழக்கம். அன்று மேனேஜர் மெக்நமாரா அதைச் செய்யவில்லை. ஜெயிக்கிற நேரத்தில் பெரியவர் மைதானத்தில் நிற்கட்டும் என்று விட்டுவைத்தார் என்பது பரவலான பேச்சு, ஆனால் மெக்நமாரா அதை ஒத்துக்கொள்ளவில்லை. எப்படியானாலும் அது அவருடைய முடிவு.

சரி, சம்பளத்துக்கு வருவோம். சம்பளம் வாங்குகிறவன் திட்டு வாங்கலாம், ஒப்புக்கொள்கிறேன். 22 சீசன்கள், 2,715 ஹிட்கள், 1980இல் நேஷனல் லீகின் (இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்று) பேட்டிங் பட்டம் என்று அந்தச் சம்பளத்துக்கு அவர் வேலையும் செய்திருக்கிறார். மிரட்டல்கள் வந்தன. வருடக்கணக்கில் போகிற இடமெல்லாம் கேலி. கடைசியில் மாசசூசெட்ஸை விட்டு ஐடஹோவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அவருடைய பிள்ளைகள் எந்த அணியிடமும் சம்பளம் வாங்கவில்லையே.



அதே 1986 அக்டோபர் 12ஆம் தேதி இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் முதல்முறையாக உலகத் தொடருக்குப் போக ஒரே ஒரு ஸ்ட்ரைக் பாக்கி. டானி மூர் வீசிய பந்தை பாஸ்டனின் டேவ் ஹெண்டர்சன் வேலிக்கு வெளியே ஹோம் ரன்னாக (நம் சிக்ஸர் மாதிரி) அடித்துவிட்டார். ஏஞ்சல்ஸ் அதே இன்னிங்ஸில் ஸ்கோரைச் சமன் செய்து, பதினொன்றாவதில்தான் தோற்றது. அடுத்த இரண்டு ஆட்டங்களையும் தோற்றது. பழி மட்டும் மூர்மேல் விழுந்தது. 1989இல் அவர் மனைவியைச் சுட்டுவிட்டுத் தானும் உயிரை மாய்த்துக்கொண்டார், மனைவி பிழைத்தார். உடனே ‘ஒரு பந்து கொன்றுவிட்டது’ என்று எழுதினார்கள். வீட்டில் வன்முறை, முடிந்துபோன ஆட்ட வாழ்க்கை என்று அந்த மனிதருக்கு எவ்வளவோ இருந்தது. தோல்விக்கு ஒரே காரணம் தேடுகிற அதே சோம்பேறித்தனம்தான் சாவுக்கும் ஒரே காரணம் தேடியது.

மன்னிப்பு பற்றிக் கேட்டீர்கள். 1990இல் பக்னர் பாஸ்டனுக்கே திரும்ப ஆடவந்தபோது, முதல் நாளே ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆகவே எல்லா ரசிகர்களையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. தொலைக்காட்சிதான் அந்தச் சில விநாடிகளை வருடாவருடம் போட்டுக்காட்டியது. 1986 அணியின் இருபதாம் ஆண்டு விழாவுக்கு 2006இல் அழைத்தார்கள், அவர் போகவில்லை. 2008 ஏப்ரல் 8 அன்றுதான் பாஸ்டனின் மைதானமான ஃபென்வே பார்க்கில், ஆட்டத்துக்கு முன் சம்பிரதாயமாக வீசும் முதல் பந்தை வீச வந்தார். கைதட்டல் நிற்கவே இல்லை, மனிதர் அழுதுவிட்டார். பிறகு நிருபர்களிடம், பத்திரிகைகளையும் தொலைக்காட்சியையும் மன்னிக்க வேண்டியிருந்தது தனக்குத்தான் என்கிற பொருளில் பேசினார். அதற்குள் பாஸ்டன் 2004, 2007 என்று இரண்டு கோப்பைகளை வென்றுவிட்டது. வென்றிருக்காவிட்டால் அந்தக் கைதட்டல் இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

வில்சனும் பக்னரும் பின்னால் நண்பர்களாகி, அந்தப் பந்து தவறிய புகைப்படத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டு விற்றார்கள். அவமானத்தில் அவருக்கும் நாலு காசு வந்தது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

எங்கே ஆரம்பிக்கலாம் என்று கேட்டீர்களே, அந்தப் பத்தாவது இன்னிங்ஸையே முழுதாகப் பாருங்கள். ஹெண்டர்சன் அதில் அடிக்கும் ஹோம் ரன்னிலிருந்து தொடங்குங்கள். விதிகள் பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஷிரால்டியின் முகத்தைக் கவனியுங்கள், வில்சன் ஸ்டான்லியிடம் பத்துப் பந்துகள் தாக்குப்பிடித்ததையும் எண்ணிக்கொண்டே வாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.