நொய்ஷ்வான்ஸ்டைன்: உள்ளே போக வேண்டுமா?

வணக்கம். அக்டோபர் கடைசியில் அப்பா அம்மாவோடு மியூனிக் போகிறேன். நொய்ஷ்வான்ஸ்டைன், லிண்டர்ஹோஃப் அரண்மனைகள் இரண்டையும் ரயிலிலேயே ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. நொய்ஷ்வான்ஸ்டைனை வெளியே நின்று பார்த்தால் போதும், உள்ளே ஒன்றும் இல்லை என்கிறார்களே?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

ரயிலை நம்பி ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். வரைபடத்தில் பக்கம்போலத் தெரியும், நடுவே மலை. நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு இறங்கும் ஃபுஸ்ஸன் ஒரு ரயில் பாதை, லிண்டர்ஹோஃபுக்கு இறங்கும் ஒபராமர்காவ் இன்னொன்று. மேலும் அக்டோபர் பாதிக்குப் பிறகு லிண்டர்ஹோஃபில் நீரூற்றுகளை நிறுத்திச் சிலைகளைப் பலகையடித்து மூடிவிடுவார்கள். அந்த அரண்மனைக்கு அழகே தோட்டம்தான். அதை ஒரு கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்ஷ்வான்ஸ்டைன் டிக்கெட்டில் நுழையும் நேரம் அச்சாகியிருக்கும். அது தவறினால் டிக்கெட் வீண். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மூவருக்குச் சிக்கனம் 'பாயர்ன் டிக்கெட்' என்ற நாள் சீட்டு. ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம், ஆனால் வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லும், ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் செல்லாது. ஃபுஸ்ஸனுக்கு இரண்டு மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம், கீழே கிராமத்திலிருந்து 40 நிமிட ஏற்றம். வார நாளென்றால் பகல் 1.30க்கு முந்தைய நேரத்தை வாங்காதீர்கள். சனி, ஞாயிறில் இந்த 9 மணிக் கட்டுப்பாடு இல்லை.

அப்பாவுக்கு மேலே போக பஸ் உண்டு. அது மரியன் பாலத்தருகே விட்டுவிடும், அங்கிருந்து கால்மணி நேரம் சரிவில் இறங்க வேண்டும். முழங்கால் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கொடுமை, ஆகவே குதிரைவண்டி மேல். அது அரண்மனைக்குச் சற்றுக் கீழே விடும், மிச்சம் சின்ன ஏற்றம். பனி விழுந்தால் பஸ் ஓடாது. உள்ளேயும் 165 படி ஏறி 181 படி இறங்க வேண்டும். இதை அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உள்ளே ஒன்றும் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். பழைய கோட்டை என்று நினைத்துப் போகிறவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். 1869இல் தொடங்கிய கட்டடம் இது. எந்தப் போரையும் பார்த்ததில்லை. தோற்றத்தை வரைந்தவர் கிறிஸ்டியன் யாங்க், நாடக மேடைக்குத் திரைச்சீலை வரையும் ஓவியர். சுவருக்குள் அந்தக் காலத்து நவீனங்கள் எல்லாம் உண்டு: வெப்பக்காற்றுக் குழாய்கள், குழாய்த் தண்ணீர், ஃப்ளஷ் கழிப்பறை. சிம்மாசன மண்டபத்தில் தரையைக் குனிந்து பாருங்கள், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கற்களால் பதித்த விலங்குகளும் செடிகளும். தலைக்கு மேல் 96 மெழுகுவர்த்திகள் தாங்கும் கிரீட வடிவ விளக்கு. எதிரே பளிங்குப் படிகள் ஏறிப்போய் வெற்று மேடையில் முடிகின்றன. சிம்மாசனம் வந்து சேருமுன், 1886 ஜூன் 13 அன்று, இதைக் கட்டிய பவேரிய ராஜா லுட்விக் இறந்துபோனார். ஏழே வாரத்தில் கட்டணம் வாங்கிப் பொதுமக்களை உள்ளே விட்டார்கள்.

இரண்டாவது நாள் இருந்தால் அதே ராஜா ஏரித் தீவில் கட்டிய ஹெர்ரன்கீம்சே அரண்மனைக்குப் போங்கள். மியூனிக்கிலிருந்து பிரீனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம், பிறகு படகு, தீவில் 20 நிமிட நடை, பெரிய ஏற்றம் கிடையாது. பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைப் பாணிக் கண்ணாடி மண்டபத்தைத்தான் எல்லாரும் பேசுவார்கள். நான் வடக்குப் படிக்கட்டைச் சொல்வேன். தெற்கில் இருப்பது பளிங்குப் பளபளப்பும் கண்ணாடிக் கூரையுமாக மின்னும். அதே அளவில் வடக்கில் ஒன்று, பூச்சே காணாத வெறும் செங்கல். ராஜாவின் கடன் எந்த இடத்தில் வேலையை நிறுத்தியது என்பதை அந்தச் செங்கலில் கை நீட்டிக் காட்டிவிடலாம். இரண்டையும் பார்த்தவருக்கு நொய்ஷ்வான்ஸ்டைனின் வெற்று மேடையும் விளங்கும்.

படகுக்குத் தனி டிக்கெட், பாயர்ன் டிக்கெட் அங்கே செல்லாது. இந்த அரண்மனைகளுக்குள் எங்கும் படமெடுக்க விடமாட்டார்கள். நாள் சீட்டில் மூவர் பெயரையும் எழுதிவிட்டு ரயில் ஏறுங்கள், பெயரில்லாத சீட்டைப் பரிசோதகர் ஏற்கமாட்டார்.