சயாமா பதில்கள்: நாலாம் மாடியில் ஒரு நட்சத்திரம்

இந்த மாதம் உங்கள் சயாமாவுக்கு, அதாவது டீச்சருக்கு, வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிறிஸ்துமஸ் அலங்காரம் பற்றித்தான். அதனால் தையல் கேள்விகளை ஜனவரிக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஜாக்கெட் கை அளவு கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சயாமா, கல்யாணமாகி எங்களுக்கு இது முதல் கிறிஸ்துமஸ். நாலாம் மாடியில் 12½-க்கு 50 அடி வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். கையில் காசும் அதிகம் இல்லை. போனில் பார்க்கிற படங்களில் எல்லாம் பனி, கணப்பு அடுப்பு, கூரையைத் தொடுகிற மரம். பார்க்கப் பார்க்க இருக்கிற யோசனையும் போய்விட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– புதுக்குடித்தனக்காரி, யாங்கூன்

பதில்: போனை வைத்துவிட்டு வீட்டை ஒரு முறை பெருக்குங்கள் அம்மா. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், பரண்மேல் எல்லா இடத்தையும். பெருக்கும்போது என்னென்ன கண்ணில் படுகிறதோ அதையெல்லாம் நடுக்கூடத்தில் கொண்டுவந்து வையுங்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடும் இதே அளவுதான். முன்னால் நின்றால் பின்வாசல் தெரியும், ரயில் பெட்டி மாதிரி. அந்த முதல் டிசம்பரில் எனக்குக் கிடைத்தது அம்மாவின் கிழிந்துபோன அரக்குச் சுங்குடிப் புடவை ஒன்று, பிஸ்கட் தகரம் நிறையப் பொத்தான், அரிசி புடைக்கிற சுளகு, தையல் மெஷின். புடவையின் நல்ல பகுதியை வெட்டி மெஷின்மேல் விரித்தேன். அதுதான் குடிலுக்கு மேடை. கரையை மட்டும் நீளமாகக் கிழித்து ஜன்னல் கம்பியில் சுற்றினேன். சுளகைச் சுவரில் சாய்த்து அதன் நடுவில் ஒரு சின்ன மாதா படம். கடையில் வாங்கியது ஒரு கட்டு மெழுகுவத்தி மட்டும்தான்.

கையில் கிடைத்ததை வைத்துச் செய்வது ஏதோ இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்று நினைக்காதீர்கள். கோயிலில் கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் நாலு மெழுகுவத்தி வைத்து ஒரு பச்சை வளையம் ஏற்றுகிறோமே, அது எப்படி வந்தது தெரியுமா? 1839-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தி வந்தார் யோகான் ஹின்ரிச் விஹெர்ன் என்ற போதகர். கிறிஸ்துமஸ் எப்போ வரும், எப்போ வரும் என்று பிள்ளைகள் நச்சரித்தார்கள். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்தியும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவத்தியும் நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்ற வைத்தார். அவரிடம் இருந்தது சக்கரம். உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், ஆணி இல்லை என்ற கவலையே வேண்டாம். நம் ஊர் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்குமே! கீழே க்ளிப், மேலே மணி. பேப்பர்காரர் க்ளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டுவார், மணி அடிக்கும், நாம் இழுப்போம். அந்தக் கயிற்றின் மேல்பாதியில், சாண் இடைவெளி விட்டு ஏழு சின்னக் காகித நட்சத்திரம் கட்டுங்கள். க்ளிப் பக்கம் கை வைக்காதீர்கள், அது வேலைக்கு வேண்டும். காலையில் பேப்பருக்காக மணி அடிக்கும்போது ஏழும் சேர்ந்து ஆடும். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

தடின்ஜுட் விளக்குத் திருவிழாவுக்கு வாங்கிய மீபோன், அந்தக் காகிதக் கூண்டு விளக்கு, மடித்துக் கிடந்தால் அதையும் விரித்துத் தொங்கவிடுங்கள். அக்டோபரில் மேல்மாடி பௌத்தக் குடும்பத்தோடு சேர்ந்து நாம் ரசித்த அதே விளக்குதான். சிவப்பு மீபோன் இரண்டு போதும், கூடத்துக்கே ஒரு களை வந்துவிடும். நிறத்தில் மட்டும் கட்டுப்பாடாக இருங்கள். ஒரு நிறமும் வெள்ளையும் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு சாதாரணப் பொருளும் அழகாக நிற்கும். 12½ அடி அகல வீட்டில் ஐந்து நிறம் மின்னினால் கண்ணுக்கு ஓய்வே இருக்காது.

கேள்வி: நானும் தம்பியும் மூங்கிலில் ஸ்டார் கட்டுகிறோம். ஒவ்வொரு வருடமும் ஒரு பக்கம் கோணிக்கொள்கிறது. காகிதமும் காய்கிறபோது கிழிகிறது. எங்கே தப்பு?
– பத்தாம் வகுப்பு மாணவன், நியாங்லேபின்

பதில்: தம்பி, உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. டிசம்பர் முதல் வாரம் வந்தால் பால்கனியில் சப்பணமிட்டு உட்கார்ந்து மூங்கில் சீவுவார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கையைப் பார்த்துப் படித்ததுதான்.

கோணுவதற்குக் காரணம் பெரும்பாலும் கணுதான். மூங்கிலில் கணு உள்ள இடம் வளையாது, கணு இல்லாத இடம் வளையும். ஒரே நட்சத்திரத்தில் இரண்டும் கலந்தால் ஒரு பக்கம் இழுக்கும். அதனால் ஒரே மூங்கிலிலிருந்து, ஒரே தடிமனில், பத்துக் குச்சி பிள. ஒவ்வொன்றும் சரியாக 24 அங்குலம். ஐந்து குச்சியை ஒன்றின்மேல் ஒன்றாக மேலும் கீழும் பின்னி ஒரு நட்சத்திரம், மற்ற ஐந்தில் இன்னொன்று. ஒவ்வொரு குச்சியையும் மற்றக் குச்சிகள் இரண்டு இடத்தில் குறுக்கே வெட்டும். அந்த இடம் எந்த முனையிலிருந்து அளந்தாலும் 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். கட்டுவதற்கு முன்பே பென்சிலால் குறித்துவிடு. குறி சேராமல் நூலை இறுக்காதே. அப்பா ஒரு குச்சி கால் அங்குலம் தப்பினாலும் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவார்.

இரண்டு சட்டத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனையையும் சேர்த்துக் கட்டு. பிறகு நடுவில் குறுக்கே வெட்டும் ஐந்து இடத்திலும் ஆளுக்கொரு குட்டைக் குச்சியை, 5 அங்குலத்தில், தூண் மாதிரி நிறுத்து. அப்போதுதான் நட்சத்திரம் வயிறு உப்பி எழும்பும். ஐந்து தூணும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒன்று குட்டையானால் அங்கேயும் கோணும்.

இனி காகிதம். பசையைக் காகிதத்தில் தடவுகிறாய் என்று நினைக்கிறேன். குச்சியில் தடவு. மைதாப் பசையைக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறவிட்டு, விரல் நுனியால் மெல்லிசாக. ஈரக் காகிதத்தை இறுக்கி இழுத்தால் காயும்போது சுருங்கிக் கிழியத்தான் செய்யும். கொஞ்சம் தளர்வாக ஒட்டிவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு வாயில் தண்ணீர் வைத்துப் பூத்தூறலாக ஊது. அது மறுபடி காயும்போது தானே விறைத்துக்கொள்ளும், தட்டினால் பறை மாதிரிச் சத்தம் வரும். குச்சியின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடு, கூரான விளிம்பும் கிழிக்கும். முடிந்தால் ஷான் மாநிலத்துப் பிந்தயாவிலிருந்து வருகிற கைக்காகிதம் ஒரு தாள் வாங்கு. முசுக்கட்டை இனத்து மரப்பட்டையில் செய்வது, நார் நீளமாக இருப்பதால் எளிதில் கிழியாது. வெளிச்சம் அதன் வழியாக வரும்போது பால் மாதிரி இருக்கும். கண்ணாடித்தாள் பளபளக்கும், ஆனால் உள்ளே இருக்கிற பல்பு துருத்திக்கொண்டு தெரியும். எனக்குக் கைக்காகிதம்தான் பிடிக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உள்ளே மெழுகுவத்தி வைக்காதே. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வருடம் கரண்ட் இல்லை என்று அப்பா மெழுகுவத்தி வைத்தார். காற்று ஒரு சுழற்று சுழற்றியது. நட்சத்திரம் முழுவதும் எரிந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெறுங்கையால் பிடித்துக் கீழே இழுத்தார். அந்தத் தழும்பு அவர் வலது கையில் கடைசி வரை இருந்தது. 3 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று, சார்ஜ் ஏறுகிற வகை கிடைத்தால் இன்னும் நல்லது. பின்பக்கம் ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் மடக்கி வை, பல்பை அதன் வழியாக மாட்டலாம். முறைவைத்துக் கரண்ட் வருகிற இந்தக் காலத்தில், விளக்கு வந்ததும் தெருப் பிள்ளைகள் "மீ லா பீ!" (கரண்ட் வந்தாச்சு!) என்று கத்துகிற சத்தத்தோடு உன் நட்சத்திரமும் எரியட்டும்.

கேள்வி: பிளாஸ்டிக் மரம் வாங்கலாமா? பஞ்சு ஒட்டிப் பனி போலச் செய்யலாமா?
– வாசகி, பெகு

பதில்: ஏற்கெனவே இருந்தால் தூசி தட்டி வையுங்கள், புதிதாக வாங்க வேண்டாம். சவுக்குக் கொப்பு ஒன்றை மண் நிரப்பிய பெயின்ட் வாளியில் நட்டால் போதும், ஊசி இலையும் கிடைக்கும் வாசனையும் கிடைக்கும். பஞ்சு வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும். பெத்லகேமிலேயே பனி விழுவது அரிது.

கேள்வி: எங்கள் மாமியார் இந்து வீட்டிலிருந்து வந்தவர். கிறிஸ்துமஸ் காலையில் வாசலில் கோலம் போட்டு மாவிலை கட்டுவார். கோயிலுக்கு வருகிற சிலர் இது நம் வழக்கம் இல்லை என்கிறார்கள். அவரிடம் எப்படிச் சொல்வது?
– மருமகள், யாங்கூன்

பதில்: சொல்லவே வேண்டாம். நீங்களும் குனிந்து கூடப் போடுங்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவத் தெருக்களில் கிறிஸ்துமஸ் கோலம் இல்லாத வாசலை நான் பார்த்தது குறைவு. இத்தாலியிலிருந்து வந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், கோணான்குப்பத்தில் மாதாவுக்குத் தமிழ்ப் பெண் கோலம் கொடுத்துப் பெரியநாயகி என்று பெயரிட்டவர். அவருக்கு இடிக்காதது நமக்கு ஏன் இடிக்க வேண்டும்?

உங்கள் மாமியாரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். ஐந்து மூலை நட்சத்திரத்தைக் கை எடுக்காமல் ஒரே இழையில் போட்டு, அதைச் சுற்றிப் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் வளர்க்கச் சொல்லுங்கள். அரிசி மாவில். எறும்பும் அணிலும் பிறந்தநாள் விருந்து சாப்பிடட்டும். நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்தபோது கோலத்தைக் கையிலேயே கொண்டுவந்தார்கள். அதைப் பேரப்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட இன்னும் ஒருவர் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை! அவர் கோலம் போடும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கேள்வி: போன வருடம் வாங்கிய பாயின்செட்டியா செடி நன்றாக வளர்கிறது, ஆனால் சிவக்கவே இல்லை. உரம் குறைவா?
– செடிப் பிரியர், யாங்கூன்

பதில்: உரம் இல்லை, வெளிச்சம். சிவப்பாகத் தெரிவது பூ அல்ல, இலைதான். நடுவில் மஞ்சளாக மொட்டு மொட்டாக இருப்பதுதான் பூ. மெக்சிகோவிலிருந்து வந்த செடி. இரவு நீளமானால்தான் சிவக்கும். அக்டோபர் தொடக்கத்திலிருந்து எட்டு, பத்து வாரம் தினமும் சுமார் 14 மணி நேரம் முழு இருட்டு வேண்டும். உங்கள் செடி தெருவிளக்குக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வருடம் காலம் கடந்துவிட்டது, மேமியோவிலிருந்து வருகிற சாமந்தி வாங்கி வையுங்கள். அடுத்த வருடம் மாலை ஐந்து மணிக்கு அட்டைப்பெட்டியால் கவிழ்த்து மூடி, காலை ஏழரைக்குத் திறந்துவிடுங்கள். கிளை ஒடித்தால் வடியும் பால் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 72 வயது. பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். யார் பார்க்கப் போகிறார்கள் என்று போன வருடம் குடில் பெட்டியைத் திறக்கவில்லை. இந்த வருடமும் கை வரவில்லை.
– ஒரு தாய், மோல்மீன்

பதில்: அக்கா, என் வீட்டுக்காரர் இறந்த வருடம் நானும் பெட்டியைத் திறக்கவில்லை. அந்த டிசம்பர் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். அதனால் பெட்டி முழுவதையும் திறக்கச் சொல்லமாட்டேன்.

முதலில் வெறும் தொட்டி மட்டும் எடுங்கள். அசிசியின் பிரான்சிஸ் 1223-ல் கிரேச்சோ என்ற மலையூரில் முதல் குடிலை வைத்தபோது, வைக்கோல் போட்ட தீவனத் தொட்டியும், உயிருள்ள ஒரு மாடும் ஒரு கழுதையும்தான் வைத்தார். குடிலுக்கு அவ்வளவு போதும். உங்கள் வீட்டில் வெளிச்சம் படுகிற இடத்தில், தினமும் கடந்து போகிற உயரத்தில் வையுங்கள்.

மூன்று ராஜாக்களைக் குடிலில் வைக்காமல் சமையல்கட்டில் அரிசி டின் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர்கள் தூரத்திலிருந்து வருகிறவர்கள். 24-ம் தேதி இரவு புறப்படட்டும். தினமும் காலையில் காப்பி கலக்க வரும்போது ஒரு முழம் முன்னால் நகர்த்துங்கள். அலமாரி, ஜன்னல் திட்டு, தையல் கூடை என்று ஒவ்வொரு இடமாக வந்து, ஜனவரி 6-ல் குடிலுக்குச் சேர வேண்டும். பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் நகர்த்துகிற வேலையை அதனிடம் கொடுங்கள். எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும் சரி. என் வீட்டில் எதிர் வாசல் பர்மியப் பெண் குழந்தைதான் நகர்த்துகிறாள். ஆறு வயது. ஒரு நாள் நான் மறந்தாலும் கதவைத் தட்டிவிடுவாள். குழந்தை இயேசுவைத் தொட்டியில் வைப்பதும் அவள்தான்.

குடிலைச் சுற்றிப் பச்சைக்குப் பாசிப்பயறு போதும். ஒரு பிடியை இரவு ஊறவைத்து, மறுநாள் அகலமான தட்டில் ஈரத்துணி விரித்து அதன்மேல் பரப்புங்கள். முதல் இரண்டு நாள் மூடி வைத்து, பிறகு ஜன்னலோரம் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் பெத்லகேம் வயல் வந்துவிடும். இந்த வருடம் 16-ம் தேதி இரவு ஊறப்போடுங்கள், நானும் அன்றே போடுகிறேன். 24-ம் தேதி உங்கள் பயிர் எத்தனை விரல் உயரம் என்று அளந்து எனக்கு எழுதுங்கள்.