தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கொல்லையில் மா, சப்போட்டா, மாதுளை மூன்றும் நன்றாகக் காய்க்கின்றன. ஆனால் பழுக்கும் தறுவாயில் பாதிக்கு மேல் கடிபட்டு விழுகின்றன. மின்னும் நாடா கட்டியும் பயனில்லை. மரத்தையே வலையால் மூடிவிடலாமா?

பதில்: வலை வாங்கும் முன், கடிப்பது யார் என்று மரத்தடியில் பார்த்துவிடுங்கள். சாற்றை உறிஞ்சித் துப்பிய சக்கைகள் காலையில் கிடந்தால் அது பழந்தின்னி வௌவாலின் வேலை. பழுக்காத காயைக்கூடக் கொத்திப் பாதியிலேயே போட்டிருந்தால் கிளியைச் சந்தேகிக்கலாம். தோலில் பல் தடங்கள் தெரிந்தால் அணிலாகவோ எலியாகவோ இருக்கும். வெளிச்சம் பட்டால்தான் மின்னும் நாடா, இருட்டில் வரும் வௌவாலை ஒன்றும் செய்யாது. பகலில் வரும் பறவைகளும் அதனால் ஆபத்தில்லை என்பதைச் சில நாட்களில் கண்டுகொள்ளும்.

மரம் முழுவதையும் மூடுவதை நான் கடைசி வழியாகவே சொல்வேன். மூடியே ஆக வேண்டுமென்றால், கண்ணியின் அளவு 5 மி.மீ.க்கு மேல் போகாத, விரல் நுழையாத வலையாகத் தேர்ந்தெடுத்து, சட்டம் அமைத்து அதன்மேல் இழுத்துக் கட்டுங்கள். அகன்ற கண்ணியுள்ள மெல்லிய நைலான் வலையைத் தளர்வாகப் போர்த்தினால் பறவைகளும் வௌவால்களும் சிக்கிச் சிறகு முறிந்து சாகும். மாதுளை போன்ற சிறு மரத்துக்கு, காய் ஓரளவு திரண்டதும் ஒவ்வொன்றுக்கும் துணிப்பையோ வலைப்பையோ மாட்டிக் காம்பில் கட்டுவதே மேல்; பழ ஈயின் தொல்லையும் அதனால் குறையும். அணிலும் எலியும் மட்டும் பையைக் கடித்துக் கிழித்துவிடும் என்பதால், அவற்றுக்குக் கம்பி வலைக் கூடுதான் தாங்கும்.

மரமேறுவதைத் தடுக்க, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் சுமார் 60 செ.மீ. அகலத் தகரத்தை அடிமரத்தைச் சுற்றிப் பொருத்தலாம். ஆணி அடிக்காமல் கம்பியால் கட்டி, மரம் பருக்கப் பருக்கத் தளர்த்துங்கள். மதிலுக்கும் கூரைக்கும் அருகே நீளும் கிளைகளை இரண்டரை மீட்டர் இடைவெளி இருக்கும்படி கவாத்துச் செய்யாவிட்டால், அணில் தாவி வந்துவிடும், தகரம் வீண்.

இவை எல்லாவற்றையும்விடச் செலவில்லாத வழி, முற்றியவுடன் பறித்துவிடுவது. மாவும் சப்போட்டாவும் பறித்த பின்பும் பழுக்கும். சப்போட்டாவின் தோலை நகத்தால் சுரண்டும்போது அடியில் பச்சை தெரியாமல் மஞ்சளாக இருந்தால் பறிக்கலாம். மாதுளை பறித்தபின் பழுக்காது என்பதால், பை அதற்குத்தான் முதலில் தேவை. உதிர்ந்தவற்றை அன்றாடம் அள்ளிவிடுங்கள். எலியை அழைப்பவை அவைதான்.

கேள்வி: அணில் கடித்த பழம் இனிக்கும் என்கிறார்களே, கடிபட்ட பகுதியை வெட்டிவிட்டு உண்ணலாமா?

பதில்: கனிந்ததைத் தேடியே அவை கடிக்கின்றன என்பதால் இனிப்பது இயல்பு. ஆயினும் உண்ண வேண்டாம். கடித்தது அணிலா வௌவாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1998–99இல் மலேசியாவில் பரவிய நோயின்போது அறியப்பட்ட நிப்பா வைரஸ், வௌவாலின் எச்சில் பட்ட பழத்தின் வழியாகவும் தொற்றக்கூடியது. வெட்டி எறிந்தாலும் மீதிப் பகுதி பாதுகாப்பானது ஆகிவிடாது. கடிபடாத பழங்களையும் நன்கு கழுவி, தோலுரித்தே உண்ணுங்கள்.