கியூபெக் கார்னிவல்: செலவை அட்டையில் போடலாமா?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். வருகிற பெப்ரவரியில் ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரை கியூபெக் நகரத்துக் குளிர்காலக் கார்னிவலுக்குக் காரில் போய்வர ஆசை. ஆயிரம் டொலர் போதும் என்று நினைக்கிறோம். இப்போது செப்டெம்பர். கடனட்டையில் 1,800 டொலர் நிலுவை, வட்டி 20.99 வீதம். ரி.எவ்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் அவசரத்துக்கென 5,000 டொலர் இருக்கிறது. மாதம் 450 டொலர் மிஞ்சுகிறது. செலவை அட்டையில் போட்டுப் பிறகு கட்டலாமா, சேமிப்பில் எடுக்கலாமா?

பதில்: போய்வாருங்கள். சேமிப்பில் எடுங்கள், ஆனால் பயணத்துக்காக அல்ல. இந்த மாதமே 1,800 டொலரை எடுத்து அட்டையை முழுவதுமாக அடையுங்கள். அந்த நிலுவைக்கு மாதம் 31 டொலருக்கு மேல் வட்டி போகிறது. சேமிப்புக் கணக்கில் கிடக்கும் அதே காசு அதில் ஒரு சிறு பங்கைத்தான் உழைத்துத் தரும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பழைய நிலுவை உள்ள அட்டையில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத 21 நாள் அவகாசம் கிடைக்காது. விடுதிக் கட்டணத்தை அதில் போட்டால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். நிலுவையை முழுவதும் தீர்த்தால் அந்த அவகாசம் திரும்ப வரும். அட்டையின் அடுத்த மாதப் பட்டியலில் மிச்ச வட்டி கொஞ்சம் வரலாம். அதையும் விடாமல் கட்டுங்கள்.

செப்டெம்பர் முதல் ஜனவரி வரை ஐந்து மாதம், மாதம் 450 என்று 2,250 டொலர் சேரும். பயணத்துக்கான காசு அதுதான். கையிருப்பு 3,200 ஆகக் குறைவதால், இடையில் கார் பழுதானாலோ வேலை போனாலோ கார்னிவலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுங்கள். எடுத்த 1,800க்கான இடம் உங்கள் ரி.எவ்.எஸ்.ஏ. வைப்பு வரம்பில் அடுத்த ஜனவரி முதலாம் திகதிதான் திரும்பச் சேரும். வேறு இடம் மிச்சமில்லாமல் அதற்கு முன் போட்டால், கூடுதலான தொகைக்கு மாதம் ஒரு வீதம் வரி விழும்.

ஆயிரம் டொலர் காணாது. முதலில் தங்குமிடம். இணையத்தில் ஓர் அறை இரவுக்கு 240 என்று காட்டினால் அதன்மேல் 3.5 வீதத் தங்குமிட வரி, அந்தக் கூட்டுத்தொகையின்மேல் 5 வீத மத்திய வரி, 9.975 வீத மாகாண வரி. முடிவில் இரவுக்கு 285 டொலர் 60 சதம். இரண்டு இரவுக்கு 571. பழைய நகரத்தில் வாகனத் தரிப்புக்கு வேறாகக் கேட்பார்கள், அதற்கு 60 வையுங்கள். கட்டணமின்றி இரத்துச் செய்யக்கூடிய அறையையே பதியுங்கள். 2025இல் கார்னிவலின் கடைசி வார இறுதி நம் ஒன்ராறியோக் குடும்ப நாள் விடுமுறையோடு ஒன்றாக வந்தது. அப்படி வரும் ஆண்டில் அதற்கு முந்திய வார இறுதியில் அறை தேடுவது நல்லது.

போக்குவரத்து: ஒரு வழி ஏறத்தாழ 800 கிலோமீற்றர். குளிரில் கார் நூறு கிலோமீற்றருக்குப் பத்து லீற்றர் குடிக்கும் என்று வைத்தால் போய்வர 160 லீற்றர், லீற்றர் 1.50 என்றால் 240 டொலர். கியூபெக்கில் பெற்றோல் பொதுவாக விலை கூட, ஆகவே எல்லைக்கு முன் கோர்ன்வோலில் தாங்கியை நிரப்புங்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம் என்ற கியூபெக் சட்டம் அங்கே பதிவான வாகனங்களுக்குரியது. உங்கள் ஒன்ராறியோக் காரை அது கட்டுப்படுத்தாது என்றாலும் அந்த ரயர் இல்லாமல் போகவே போகாதீர்கள். வாடகைக் கார் என்றால் பதியும்போதே கேளுங்கள். ரொறன்ரோவில் அது தானாகப் பூட்டி வராது, தனிக் கட்டணமும் இருக்கலாம். ஞாயிறு புயலடித்து நெடுஞ்சாலையை மூடினால் இன்னோர் இரவு தங்கவேண்டிவரும். அதற்கு 286 டொலர் ஒதுக்குங்கள். வெள்ளி முழுவதும் சாலையில் போய்விடும் என்பதையும் பிள்ளைகளின் பள்ளிக்கூட நாட்காட்டியோடு பொருத்திப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு 360. உணவகத்தில் அன்பளிப்பை வரிக்கு முந்திய தொகையில் கணக்கிடுங்கள். கட்டணமுள்ள மைதானங்களுக்குள் போக வாங்கும் எஃபிஜி என்ற நுழைவுச் சின்னத்துக்கும் சறுக்குகளுக்கும் 150 போதும். இரவு ஊர்வலத்தைத் தெருவோரம் நின்றும், சென் லோரன்ஸ் ஆற்றுப் பனிப்படகுப் போட்டியைக் கரையில் நின்றும் காசில்லாமல் பார்க்கலாம். கார்னிவலின் உச்சமே அவை இரண்டுந்தான்.

உடுப்பில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், 250 வையுங்கள். அங்கே மறை 20 பாகை சாதாரணம். ஊர்வலத்துக்கு ஒன்றரை மணிநேரம் அசையாமல் நிற்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஜாக்கெட் காணாது. உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். தடித்த காலுறைக்கு மேல் சப்பாத்து இறுக்கமாக இருந்தால் இரத்தவோட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும், அதனால் ஓர் அளவு பெரிதாக எடுங்கள். வளர்கிற பிள்ளைகள்தானே, பனிக் காற்சட்டையைப் பழைய உடுப்புக் கடையிலோ உறவினரிடமோ தேடுங்கள்.

கடைசியாக மருத்துவம். கனடாவுக்குள்ளேதானே என்று காப்புறுதியை விட்டுவிடாதீர்கள். ஒன்ராறியோச் சுகாதார அட்டை கியூபெக் மருத்துவமனையில் செல்லும். ஆனால் மருத்துவர்களின் கட்டணத்துக்காக மாகாணங்கள் தமக்குள் செய்த ஒப்பந்தத்தில் கியூபெக் இல்லை. அதனால் மருத்துவர் கையிலேயே காசு கேட்கலாம். பிறகு ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்புக்கு விண்ணப்பித்தால் ஒன்ராறியோ வீதப்படிதான் தரும், மிகுதி உங்கள் தலையில். அம்புலன்ஸ் செலவு கிடைக்கவே கிடைக்காது. வேலையிடத்துக் காப்புறுதியில் வெளிமாகாணப் பாதுகாப்பு உண்டா என்று கையேட்டைப் பாருங்கள். இல்லையென்றால் நால்வருக்கும் சேர்த்து 60 டொலரை ஒதுக்கி மூன்று நாளுக்கு வாங்குங்கள்.

எல்லாம் சேர்த்து 1,977 டொலர். மேலதிக இரவு தேவைப்படாவிட்டால் சேர்த்த 2,250இல் 559 டொலர் கையில் மிஞ்சும். அதைத் திரும்பி வந்த வாரமே ரி.எவ்.எஸ்.ஏ.யில் போடுங்கள். பெப்ரவரியிலிருந்து அதே 450 டொலரைத் தொடர்ந்து போட்டால் மே மாதத்துக்குள் அவசரச் சேமிப்பு பழைய 5,000ஐத் தாண்டிவிடும்.