நம்பிக்கை இல்லாமல் நத்தார் கொண்டாடுவது போலித்தனமா?

கோயிலுக்கும் போகாமல் தேவாலயத்துக்கும் போகாமல் நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) மட்டும் வீட்டில் மரம் வைக்கிறவர்கள் நடிக்கிறார்களா என்பது கேள்வி. நான் அப்படி மரம் வைக்கிற ஆள். மரம் என்றால் கடற்கரைச் சவுக்கில் ஒரு கொப்பு, மணல் வாளியில் நட்டது. சைவக் குடும்பத்தில் பிறந்தேன். இருபது வயதுக்குப் பிறகு எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை.

'நத்தார்' என்ற சொல்லே போர்த்துக்கீசரின் 'நத்தால்', அதாவது பிறப்பு. கதிரை, மேசை, அலுமாரி, பாண் எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள்தான். கதிரையில் இருக்க யாரும் ஞானஸ்நானம் கேட்பதில்லை.

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் பக்கத்து வளவு, போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீடு. அங்குள்ள அன்ரி ரிச் கேக் போடத் தொடங்கினால் எங்கள் வீட்டுக்கும் ஆள் அனுப்புவார், ஏனென்றால் அது தனியாள் வேலை இல்லை. கஜு, பிளம்ஸ், செரி, இஞ்சித் தோசி, பூசணித் தோசி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் பிராந்தி ஊற்றி ஊறவைக்க வேண்டும். கோதுமை மா இல்லை, வறுத்த ரவைதான். அன்ரியின் கணக்கில் அரைக் கிலோ ரவைக்கு 25 மஞ்சட்கரு. (வெள்ளைக்கரு எங்கள் வீட்டுக்கு வரும், ஒரு கிழமைக்கு ஒம்லெட்.) வெளியே விடாத மழை, விறாந்தையில் நாலைந்து பெண்கள், நாலைந்து கத்தி, ஊர்க்கதை. எனக்கு நத்தார் என்றால் அதுதான். கேக்கைத் துண்டுதுண்டாகத் தாளில் சுற்றும்போது மகள் ஒருமுறை கேட்டாள்: "அம்மா, நாம வேதக்காரரா?" அன்ரிதான் பதில் சொன்னார்: "இல்ல மகள், நீங்க கேக்குக்காரர்."

தைப்பொங்கலுக்கு எங்கள் புக்கை அங்கே போகும். பெருநாளுக்குக் காத்தான்குடிக் கூட்டாளி வீட்டு வட்டிலப்பம் இரண்டு வீட்டுக்கும் வரும். தட்டை வாங்கும்போது யாரும் யாருடைய நம்பிக்கையையும் விசாரித்ததில்லை.

இன்னொன்று. 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் நத்தாரைத் தடைசெய்தது. செய்தவர்கள் நாத்திகர்கள் அல்ல, பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள். இப்படியொரு திருநாளை வேதாகமம் சொல்லவில்லை, குடியும் கூத்தும்தான் மிச்சம் என்று அவர்களுக்குக் கோபம். ஆக, சாப்பாடும் பாட்டுமாக இதைக் கொண்டாடுகிறவர்கள் நேற்று முளைத்தவர்கள் இல்லை.

ஆனால் எனக்கும் ஒரு கோடு உண்டு. நள்ளிரவுத் திருப்பலிக்கு அன்ரி கூப்பிட்டால் பாட்டுக்காகப் போவேன், கடைசி வாங்கில் இருப்பேன். நற்கருணைக்கு எழும்ப மாட்டேன். அது அவர்களுடையது. அதையும் 'சும்மா ஒரு அனுபவம்' என்று வாங்கினால் அப்போது நீங்கள் சொல்லும் போலித்தனம் வந்துவிடும். பாலன் குடிலும் வைப்பதில்லை. வைக்கோலுக்கு ஆசைப்படும் மகளுக்கு மட்டும் இதில் மனவருத்தம்.

எங்கள் கரையில் நத்தாருக்கு அடுத்த நாளும் ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, பூரணை. டச்சுபாரிலும் நாவலடியிலும் முதல்நாள் கேக் மேசையில் இருக்கும்போதே கடல் வந்தது. இப்போதும் அன்றைக்குக் காலை 9.25க்கு இரண்டு நிமிடம் எல்லோரும் பேசாமல் நிற்போம், அன்ரி செபமாலையோடு, நான் வெறுங்கையோடு. சவுக்குக் கொப்பில் உள்ள சின்ன பல்புகளை 25 இரவே அணைத்துவிடுவோம். 27 பின்னேரம்தான் திரும்பப் போடுவோம்.