கோலாலம்பூர்த் தமிழர்களிடம் ஆளுமை ஆய்வு செய்ய எந்தக் கேள்வித்தாளை எடுப்பது?

உளவியல் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குச் செலவில்லாமல், தமிழில் கொடுக்கக்கூடிய ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பெர்க்கின் ஐபிஐபி (IPIP) என்ற ஆளுமை வாக்கியத் தொகுப்பைப் பாருங்கள். ஆளுமையின் ஐந்து பெரும் குணங்களுக்கு ‘பிக் ஃபைவ்’ என்று 1981-இல் பெயர் வைத்தவரே அவர்தான். நல்ல சோதனைகள் பலவும் பதிப்புரிமைக்குள் இருந்தபோது, இந்த வாக்கியங்களை யாரும் அனுமதி கேட்காமல் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்று பொதுவில் விட்டார். துறைக்கு அவர் செய்ததில் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதே ஐந்து குணங்களை அளக்கும், 240 வாக்கியங்கள் கொண்ட நியோ (NEO) சோதனையைப் பிரிக்ஃபீல்ட்ஸில் கடை வைத்திருப்பவரிடம் நீட்டினால் பாதியில் திருப்பித் தந்துவிடுவார். டோனலன் குழு 2006-இல் ஐபிஐபியிலிருந்து சுருக்கிய மினி-ஐபிஐபி போதும்: 20 வாக்கியங்கள், ஒரு குணத்துக்கு 4, மதிப்பெண் 1 (துளியும் பொருந்தாது) முதல் 5 (மிகவும் பொருந்தும்) வரை.

சிக்கல் வருவது தலைகீழ் வாக்கியங்களில், அதாவது குணத்துக்கு எதிர்ப்பக்கத்தைச் சொல்வதால் மதிப்பெண்ணைத் திருப்பிக் கணக்கிட வேண்டியவற்றில். 20-இல் 11 அப்படிப்பட்டவை. ‘நான் அதிகம் பேசமாட்டேன்’ என்று கொடுத்துப் பாருங்கள். அமைதியான ஒருவர் 5 போட வேண்டும். ஆனால் மனத்துக்குள் ‘இல்லை, பேசமாட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே 1 போடுவார், கணக்கில் வாயாடியாகிவிடுவார். ‘அமைதியாக இருப்பவன்/இருப்பவள்’ என்று எதிர்மறை இல்லாமல் எழுதுங்கள், மாற்றியதை ஆய்வேட்டில் சொல்லிவிடுங்கள். விருந்து பற்றிய வாக்கியத்துக்குத் திறந்த இல்ல உபசரிப்பை (பண்டிகை நாளில் எல்லாரையும் வீட்டுக்கு அழைப்பதை) வைத்தால் இங்கே எல்லாருக்கும் புரியும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் உங்கள் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். பிறகு ஐந்தாறு பேரைச் சத்தமாக யோசித்தபடி பதில் சொல்லச் சொல்லுங்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களும் அதில் இருக்கட்டும்.

தரவு வந்ததும், எதையும் திருப்புவதற்கு முன், 20-க்கும் ஒரே எண்ணைப் போட்டவர்களை நீக்குங்கள். திருப்பிய பிறகு அவர்களில் பலர் கண்ணில் படமாட்டார்கள். அடுத்து, தலைகீழ் வாக்கியங்களின் மதிப்பெண்ணை 6-லிருந்து கழியுங்கள். ஒரு குணத்தின் வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்ஃபா எதிர்ம எண்ணாக வந்தால் ஏதோ ஒன்றைத் திருப்ப மறந்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். 0.60 வந்தால் பதற வேண்டாம், நான்கே வாக்கியங்களுக்கு அது இயல்பு.

இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் தொடர்புக் கெழு நிலைபெறச் சுமார் 250 பேராவது தேவை. அத்தனை பேரையும் வளாக இந்தியர் சங்கத்திலிருந்தே எடுக்காதீர்கள். கலகலப்பானவர்களே சங்கத்தில் சேர்ந்திருந்தால் மதிப்பெண் வீச்சு குறுகி, கெழுவும் சிறுத்துப்போகும். செந்தூல் கடைக்காரர், அலுவலக ஊழியர், இல்லத்தரசி என்று கலந்து எடுங்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வரும்வரை ஒருவரிடமும் தாளைக் கொடுக்காதீர்கள்.